சவலைப் பிள்ளைக்குப் புரோட்டீன் பவுடரா, இன்னொரு கரண்டி சோறா?

கேட்டவர் ஒரு தாய். மகளுக்கு இரண்டே கால் வயது, எடை 10 கிலோ. தாய் மறுபடியும் ஐந்து மாதக் கர்ப்பம். "பிள்ளை சவலை பாய்ஞ்சு போச்சு" என்கிறார் மாமியார். சோற்றில் புரோட்டீனே கிடையாது, பவுடர் வாங்கிக் கொடு என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். "நம் ஊர்க் குழந்தைகளுக்கு உண்மையிலேயே புரோட்டீன் குறைபாடுதானா? இதை யாராவது நம் நாட்டில் ஆராய்ந்திருக்கிறார்களா?" என்பது அவர் கேள்வி.

ஆராய்ந்திருக்கிறார்கள். அதைச் செய்தவர்களில் முதன்மையானவர் நம் சேலத்தில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. டாக்டர் சி. கோபாலன், 1918இல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டனில் ஆய்வுப் பட்டம் வாங்கி, குன்னூரில் வேலைக்குச் சேர்ந்தார். 2019இல், 101 வயதைத் தொடச் சில வாரங்கள் இருக்கும்போது காலமானார். நான் மனையியல் கல்லூரியில் உணவியல் பாடம் எடுத்த காலமெல்லாம் மேசையில் கிடந்த உணவுச் சத்து அட்டவணைப் புத்தகத்தின் அட்டையில் அவர் பெயர் இருக்கும். அட்டை கிழிந்து போய், துணி ஒட்டி வைத்திருந்தேன். அந்த அட்டவணைகளைக் கொண்டே உங்கள் கேள்விக்குக் கணக்குப் போட்டுக் காட்டலாம். அதற்கு முன் கொஞ்சம் கதை.

குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரு அறையில், 1918இல், ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோயை ஆராயத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வகமாகி, 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மெக்காரிசன் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். சீக்கியர் சாப்பிடும் சப்பாத்தி, பருப்பு, பால் கொடுத்த எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராஸ் சாப்பாடு கொடுத்த எலிகள் நோஞ்சானாக நின்றன. அரிசிச் சாப்பாட்டில் சத்தில்லை என்று படித்தவர்கள் பேசுவதற்கு இந்த எலிகளும் ஒரு காரணம்.

அடுத்து நோயின் பெயர். 1930களில் மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில், இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் ஒரு விசித்திரமான குழந்தை நோயைப் பதிவு செய்தார். கால் வீங்கும், முகம் உப்பும், முடி செம்பட்டையாகும், தோல் உரியும். குழந்தை எதிலும் நாட்டமில்லாமல் சிணுங்கிக்கொண்டே கிடக்கும். அங்குள்ள கா மொழி பேசும் பெண்கள் அதற்கு வைத்திருந்த பெயரையே அவரும் எடுத்துக்கொண்டார்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வந்ததும் இடம் பறிபோன மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று அர்த்தம். உங்கள் மாமியார் சொன்ன 'சவலை' என்ற சொல்லை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாய் மறுபடி கருவுற்றதால் பால் மறந்து இளைத்த பிள்ளையைத்தான் நம் ஊரிலும் சவலைப் பிள்ளை என்பார்கள். கண்டம் விட்டுக் கண்டம், ஒரே விஷயத்தைப் பார்த்திருக்கிறார்கள் பாட்டிகள். ஒரு வித்தியாசம் உண்டு. நம் சவலை பெரும்பாலும் வீக்கம் இல்லாத, எலும்பும் தோலுமான பிள்ளை. மருத்துவத்தில் அதற்கு மராஸ்மஸ் என்று பெயர்.

வீங்கிய குழந்தைக்குப் புரதப் பற்றாக்குறை, வற்றிய குழந்தைக்குக் கலோரிப் பற்றாக்குறை என்று அன்றைய பாடப்புத்தகங்கள் பிரித்து வைத்திருந்தன. வறண்ட பாகுபாடாகத் தெரியலாம், ஆனால் இதன் மேல்தான் உலகமே பணத்தைக் கொட்டியது. ஐக்கிய நாடுகள் சபையில் புரதத்துக்கென்றே ஓர் ஆலோசனைக் குழு இருந்தது. வரப்போகும் புரத நெருக்கடியைத் தடுப்பது எப்படி என்று 1968இல் அறிக்கையே வெளியிட்டார்கள். மீன் மாவு, எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு, பெட்ரோலியத்தில் வளர்த்த நுண்ணுயிர்ப் புரதம் வரை போனார்கள். ஏழைக் குழந்தையின் வயிற்றுக்குள் புரதத்தை எப்படியாவது திணித்துவிட வேண்டும் என்பது அன்றைய அறிவியல் உலகத்தின் ஒரே கவலை.

கோபாலனும் அவருடன் இருந்தவர்களும் குன்னூரில் 1950களிலேயே இந்த வீக்க நோயைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பால் மாவு இல்லாமல், தாவரப் புரத உணவை வைத்தே வீக்கத்தை வடிய வைக்கலாம் என்று காட்டியது அவர்களின் முக்கியமான ஒரு வேலை. பெரிய திருப்பம் ஹைதராபாத்துக்குப் போன பிறகு வந்தது. அங்கே ஏழைக் குழந்தைகளின் வீட்டுச் சாப்பாட்டை அளந்து, யாருக்கு என்ன நோய் வருகிறது என்று தொடர்ந்து கவனித்தார்கள். புத்தகம் சொன்னது சரியென்றால், வீங்கிய குழந்தையின் தட்டும் வற்றிய குழந்தையின் தட்டும் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். இல்லை, இரண்டு தட்டும் ஒன்றுதான். இருவருக்கும் குறைந்தது மொத்தச் சாப்பாடு.

பிறகு ஏன் ஒன்று வீங்குகிறது, ஒன்று வற்றுகிறது? கோபாலன் 1968இல் வைத்த விளக்கம் இது. சாப்பாடு குறையும்போது உடம்பு தன் தசையைக் கரைத்து, அதில் வரும் சரக்கைக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. கல்லீரல் அதை வைத்து ரத்தத்துக்கு வேண்டிய புரதங்களைச் செய்து சமாளிக்கிறது. குழந்தை வற்றிப்போகும், வீங்காது. மராஸ்மஸ் என்பது உடம்பு நடத்தும் சிக்கனக் குடித்தனம். காய்ச்சல், தட்டம்மை என்று ஏதாவது வந்து அந்தச் சமாளிப்பு முறிந்துபோனால் வீக்கம் வருகிறது. அவர் கருத்தில் வித்தியாசம் உடம்பின் தாக்குப்பிடிப்பில்தான் இருந்தது.

இந்த விளக்கம் முழுக்கச் சரியா? குடல் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்குண்டு என்று பின்னாளில் தெரிந்தது. மலாவியில் இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வந்தது: ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரு குழந்தைக்கு நோய், மற்றதற்கு இல்லை. விவாதம் இன்னும் ஓடுகிறது. ஆனால் புரதம் குறைந்ததால்தான் வீக்கம் என்ற நேர்க்கோட்டுக் கணக்கு செத்துவிட்டது. இதற்கு மருத்துவமனை வார்டிலேயே சாட்சி இருக்கிறது. மிகக் கடுமையான ஊட்டக்குறைவோடு வரும் குழந்தைக்கு முதல் சில நாட்கள் கொடுக்கும் எஃப்-75 என்ற பாலில், 100 மில்லிக்கு 75 கலோரியும் ஒரு கிராமுக்கும் குறைவான புரதமும்தான் இருக்கும். வேண்டுமென்றேதான் குறைத்து வைத்திருக்கிறார்கள். தளர்ந்த கல்லீரலின் தலையில் ஆரம்பத்திலேயே புரதத்தைக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு. 1973இல் கோபாலனும் சகாக்களும் வெளியிட்டது. ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 14 மாதம் தினமும் கூடுதலாக ஒரு தின்பண்டம் கொடுத்தார்கள். கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் சேர்த்துச் செய்தது. அதில் இருந்தது 310 கலோரி, புரதம் வெறும் 3 கிராம். புரதம்தான் பிரச்சினை என்றால் இந்தப் பண்டத்தால் ஒரு பயனும் இருந்திருக்கக் கூடாது. ஆனால் இதைத் தின்ற குழந்தைகள், தின்னாத குழந்தைகளைவிட உயரத்திலும் எடையிலும் நன்றாகவே முந்தினார்கள். வீட்டுச் சாப்பாட்டிலேயே இருந்த புரதம், அதுவரை உடம்புக்கு எரிபொருளாக, அடுப்பெரிக்கப் போய்க்கொண்டிருந்தது. கலோரி கிடைத்ததும் அது வளர்ச்சிக்குத் திரும்பியது. வீடு கட்ட வாங்கி வைத்த மரத்தை, விறகில்லாமல் அடுப்பில் வைக்கிற மாதிரி என்று வகுப்பில் சொல்வேன். விறகு வாங்கிக் கொடுத்தால் மரம் தானாக மிஞ்சும்.

சரி, கணக்குக்கு வருவோம். சமைக்காத அரிசி 100 கிராமில் 345 கலோரி, புரதம் 6.8 கிராம். துவரம் பருப்பு 100 கிராமில் 335 கலோரி, புரதம் 22 கிராமுக்குச் சற்று மேல். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கலோரி வேண்டும். புரதம், எந்த ஆண்டுப் பரிந்துரையை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, 12 முதல் 17 கிராம். 150 கிராம் அரிசியும் 30 கிராம் பருப்பும் உள்ளே போனாலே புரதம் ஏறக்குறைய 17 கிராம் வந்துவிடுகிறது. கலோரியோ 620ஐத் தாண்டவில்லை. ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை சேர்ந்தால் புரதம் தேவைக்கு மேலேயே போகிறது. கலோரி அப்போதும் பின்தங்கியே நிற்கிறது.

அப்புறம் சிக்கல் எங்கே? வயிற்றின் அளவில். குழைய வடித்த ரசம் சாதம் 100 கிராமில் 100 கலோரிகூடத் தேறாது. 1,000 கலோரியை அப்படியே ஊட்ட வேண்டுமென்றால் ஒரு கிலோவுக்கு மேல் சோறு. இரண்டு வயதுப் பிள்ளை ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் அளவு தின்றாலே பெரிது. மூன்று வேளை ஊட்டினாலும் முக்கால் கிலோ தாண்டாது, அதிலும் பாதி தரையில். தண்ணீராகக் கரைத்து ஊட்டும் நம் பழக்கம்தான் இங்கே எதிரி. நோய் வந்தால் இன்னும் தண்ணீராக்குகிறோம்.

ஆக, கூட்ட வேண்டியது ஒரு நாளைக்கு அந்த 300 சொச்சம் கலோரி. இரண்டு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சோற்றில் விட்டால் 90. ஒரு வாழைப்பழம் 80 முதல் 100. வறுத்துப் பொடித்த வேர்க்கடலையும் வெல்லமும் கலந்து ஒரு கைப்பிடி பிசைந்து கொடுத்தால் மீதி வந்துவிடும். முழுக் கடலை வேண்டாம், இந்த வயதில் மூச்சுக்குழாயில் சிக்கும். மூன்று வேளையை ஐந்தாக்குங்கள், அளவைப் பெரிதாக்க வேண்டாம். அங்கன்வாடியில் தரும் இணை உணவு மாவை வாங்கி வந்து கோழிக்குப் போடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலை, வெல்லம் எல்லாம் சேர்ந்த சரக்கு அது. நான் மேலே சொன்ன தின்பண்டத்துக்கு உறவு என்றே சொல்லலாம். கொழுக்கட்டையாகவோ கெட்டிக் கஞ்சியாகவோ செய்து, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கொடுங்கள்.

பவுடர்? கொழுப்பு அதிகமில்லாத எந்த உலர்ந்த மாவானாலும் 30 கிராமில் 110, 120 கலோரிதான் இருக்க முடியும், அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. டப்பாவைத் திருப்பி, பொருள் பட்டியலில் சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விலையை எடையால் வகுத்தும் பாருங்கள். கோபாலன் இயக்குநராக இருந்த அதே ஹைதராபாத் நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் புரதப் பவுடரைத் தவிர்க்கவே சொல்கிறது.

இதை 'புரதமே தேவையில்லை' என்று யாரும் படித்துவிட வேண்டாம். அரிசிக் கஞ்சியும் மரவள்ளிக் கிழங்குமே சாப்பாடு என்றால் புரதம் கட்டாயம் குறையும். தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, அதைப் பருப்பு ஈடுகட்டுகிறது. முட்டையும் பாலும் புரதத்தோடு துத்தநாகம், பி12 என்று வேறு பல சத்துகளையும் கொண்டுவருகின்றன. முட்டை வாங்க முடிந்தால் தினமும் ஒன்று கொடுங்கள், பவுடர் காசுக்கு முட்டையே வாங்கலாம். கோபாலன் எதிர்த்தது, வயிறு நிறையாத பிள்ளைக்கு டப்பாவில் தீர்வு தேடுவதை.

இதுவரை பேசியது பிள்ளையைப் பற்றி. என்னைக் கேட்டால் கோபாலனின் ஆய்வுகளில் நெஞ்சைத் தொடுவது தாய்மார்களைப் பற்றியது. நீங்கள் உங்களைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

1950களில் அவர் ஏழைத் தாய்மார்களின் தாய்ப்பாலை அளந்து பார்த்தார். அரைவயிற்றுக்குச் சாப்பிடும் பெண்ணுக்குப் பால் நீர்த்துத்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த காலம். அளந்தால், நாளொன்றுக்கு 400 முதல் 600 மில்லி வரை, மாதக்கணக்கில் வருகிறது. புரதத்தில் வசதியான பெண்களின் பாலுக்கு ஏறக்குறைய சமம். விட்டமின்களிலும் கொழுப்பிலும்தான் குறை தெரிந்தது. அந்தக் குழந்தைகள் முதல் நாலைந்து மாதம் நன்றாகவே வளர்ந்தார்கள். அப்படியென்றால் அந்தப் பால் எங்கிருந்து வந்தது? தாயின் உடம்பிலிருந்து. அவள் இளைத்துக்கொண்டே ஊட்டினாள். ஒவ்வொரு பேறுக்கும் இடையில் உடம்பு தேற அவகாசம் இல்லாமல் அடுத்த கர்ப்பத்துக்குப் போனாள்.

கர்ப்பத்திலும் அதே கதை. வசதியான பெண் 10 முதல் 12 கிலோ ஏறும்போது, ஏழைப் பெண் ஆறு கிலோதான் ஏறினாள். பிறக்கும் குழந்தையும் சிறியதாக இருந்தது. ஹைதராபாத்தில் அதே ஆய்வகத்தில் டாக்டர் லீலா ஐயங்கார் ஏழைக் கர்ப்பிணிகளைக் கடைசி வாரங்களில் மருத்துவமனையில் தங்கவைத்து, நல்ல சாப்பாடு போட்டுப் பார்த்தார். அந்தச் சில வாரங்களிலேயே குழந்தையின் பிறப்பு எடை கூடியது. இதில் சாப்பாட்டோடு ஓய்வும் சேர்ந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தண்ணீர்க் குடம் தூக்காமல், வயலில் குனியாமல் இருந்ததும் கலோரிக் கணக்கில் வரவுதான்.

1980களில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், இந்தியர்கள் குட்டையாக இருந்தாலும் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார்கள், கிடைப்பதற்கு ஏற்ப உடம்பு அடங்கிக்கொள்கிறது என்ற வாதத்தைக் கிளப்பினார். கேட்க இதமான பேச்சு, அரசாங்கங்களுக்குச் செலவும் மிச்சம். கோபாலன் அப்போது டெல்லியில் 1980இல் தொடங்கிய இந்திய ஊட்டச்சத்து அறக்கட்டளையை நடத்திக்கொண்டிருந்தார். அதன் இதழில் மிகக் கடுமையாக எதிர்த்தார். குட்டையாக நின்றுபோன சிறுமிதான் பின்னால் தாயாகிறாள், அவளுக்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கிறது, அந்தப் பிள்ளையும் நின்றுபோகிறது. இந்தச் சங்கிலியை ஆரோக்கியம் என்று அழைக்க அவர் சம்மதிக்கவில்லை. வசதியான இந்தியக் குழந்தைகள் மேலை நாட்டுக் குழந்தைகளுக்கு நிகராகவே வளர்கிறார்கள் என்பதைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தார். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல்கள் அதையே உறுதி செய்தன. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாட்டுக் குழந்தைகளை வைத்துச் செய்தது அது. நன்றாக ஊட்டி வளர்த்த தெற்கு டெல்லிப் பிள்ளைகளும் நார்வேப் பிள்ளைகளும் சின்ன வயதில் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் வளர்ந்தார்கள். "எங்க குடும்பமே ஒடிசல்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் இந்தியாவில் 35.5 சதவீதம், தமிழ்நாட்டில் 25 சதவீதம். நாலில் ஒரு குடும்பம் பரம்பரையாகவே குட்டை என்று நம்பச் சொன்னால் நான் தயாரில்லை.

ஒரு சின்ன விலகல். உங்கள் மகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றும் விட்டமின் ஏ மருந்து இருக்கிறதே, 1970இல் தொடங்கிய அந்தத் திட்டமும் ஹைதராபாத் ஆய்வுகளிலிருந்து வந்ததுதான். குழந்தைகள் கண் பார்வையை இழந்துகொண்டிருந்த காலம். பிற்காலத்தில், கண் பாதிப்பு வெகுவாகக் குறைந்த பிறகு, எல்லாருக்கும் இதை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, கீரைக்கும் பழத்துக்கும் திரும்புங்கள் என்று எழுதியவரும் கோபாலன்தான். தன் பேரில் நிற்கும் திட்டத்தையே போதும் என்று சொல்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? அதற்காக நீங்கள் நிறுத்திவிடாதீர்கள், முகாமில் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு. இரண்டே கால் வயதுப் பெண் பிள்ளைக்கு 10 கிலோ என்பது சராசரியைவிட சுமார் இரண்டு கிலோ குறைவு. ஆனால் அங்கன்வாடி அட்டையில் இன்னும் பச்சைப் பகுதிக்குள்தான் வரும், அதன் அடிப்பக்கத்தில். ஒரு தடவை பார்த்த எடையை வைத்துப் பயப்பட வேண்டாம். மாதாமாதம் குறித்து, கோடு மேலே போகிறதா, படுத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது என்றால் மட்டும் மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

பவுடருக்கு ஒதுக்கிய காசில் பாதியை உங்கள் தட்டுக்கு மாற்றுங்கள். கர்ப்பத்தில் நாளுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும், பிள்ளை பெற்றுப் பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் 600. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் இருந்தால், இந்த நாலு மாதத்துக்காவது அதை மாற்றச் சொல்லி மாமியாரிடமே கேளுங்கள். சவலை என்ற சொல்லைத் தெரிந்தவருக்கு இது புரியும். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காப்பியோடு விழுங்காமல் தள்ளிச் சாப்பிடுங்கள்.

மூன்று மாதம் இப்படிக் கொடுத்தும் மகளின் கோடு ஏறவில்லை என்றால் பிரச்சினை தட்டில் இல்லை. குடற்புழு, அடிக்கடி வயிற்றுப்போக்கு, சிறுநீர்த் தொற்று, வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல், காசநோய் என்று வரிசையாகப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குக் குழந்தை மருத்துவர்தான் வேண்டும்.